நிலக்கரி யார்டு பக்கத்தில் ஓடை இருந்தால்: மழைக்கு முன் செய்ய வேண்டியவை

தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்குகிற நிலக்கரி அனல்மின் நிலையங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் சூளைகளுக்கும் போகிற வழியில், பல இடங்களில் யார்டுகளில் மலைமலையாகக் கிடக்கும். எங்கள் ஊர் ஓடை அப்படி ஒரு யார்டின் பின்மதிலை ஒட்டி வந்துதான் குளத்தில் விழுகிறது. அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என மூன்று மாவட்டத்துக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் காசு கொடுத்து எடுக்கிற தண்ணீர் ரிப்போர்ட்டை வைத்து யாரும் யார்டைப் பூட்டிவிட மாட்டார்கள். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த கழிவுநீர் மாதிரிதான் வழக்கில் சாட்சியமாக நிற்கும். அந்த அதிகாரியை, ஓடையில் தண்ணீர் ஓடுகிற நாளில், சரியான இடத்தில் நிற்க வைப்பதுதான் உங்கள் வேலை. நம் மானாவாரி ஓடைகளில் தண்ணீர் ஓடுவது ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள்தான். மழை வந்தபிறகு மனு எழுத உட்கார்ந்தால், அதிகாரி வரும்போது ஓடை காய்ந்து கிடக்கும். ஆகவே ஆவணியிலேயே தொடங்குங்கள்.

1. ஓடை ஓடைதான் என்பதற்குக் காகிதம் எடுங்கள்

யார்டுக்காரர்கள் சொல்லும் முதல் பதில் இதுதான்: "அண்ணாச்சி, இது ஓடையே கிடையாது, மழத்தண்ணி போற பள்ளம்லா." இதற்கு வாயால் பதில் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

தமிழ்நாடு அரசின் நிலப்பதிவேட்டு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் அ-பதிவேடு (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) விவரமும் புலப்படமும் (அந்த நிலத்தின் எல்லை வரைபடம்) கிடைக்கும். காசு கிடையாது. சர்வே எண் தெரியாவிட்டால் விஏஓவிடம் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஓடை, வாய்க்கால், குளம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். யார்டின் சர்வே எண்ணையும் சேர்த்தே எடுங்கள். ஓடை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு சங்கதி. அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீரோடை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், தண்ணீர் ஓடினாலும் சரி, அந்தச் சமயத்தில் வறண்டு கிடந்தாலும் சரி, அது நீரோடைதான். நிலத்தடி நீரும் அதில் அடக்கம். வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிற நம் ஓடைகளுக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. மனுவில் இந்த வரியைக் கட்டாயம் சேருங்கள்.

குளம் யார் பொறுப்பு என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்தால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத்துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். தவறான ஆபீசுக்கு மனு போனால், அது சுற்றி வருவதற்குள் பிசான அறுவடையே முடிந்துவிடும்.

2. யார்டின் இசைவாணையைக் கையில் வாங்குங்கள்

எந்த யார்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையோடுதான், அதாவது இயங்குவதற்கான அனுமதி ஆணையோடுதான், நடக்க வேண்டும். அந்த ஆணையின் பின்பக்கங்களில் நிபந்தனைகள் இருக்கும். குவியலைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது, மழைநீரைப் படிவுத் தொட்டியில் தேக்கிவிட்டு வெளியே விடுவது, தண்ணீர் தெளிப்பது, லாரிக்குத் தார்ப்பாய் போடுவது என்று பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும். "கரித்தூள் வருகிறது" என்று எழுதுவதைவிட "இசைவாணையின் இந்த எண் நிபந்தனைப்படி இருக்க வேண்டிய படிவுத் தொட்டி இல்லை" என்று எழுதுகிற மனுவுக்குத்தான் மதிப்பு.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நேரே போய்ப் பார்ப்பது. அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25(6) பிரிவின்படி, இசைவாணை நிபந்தனைகள் அடங்கிய பதிவேட்டை, பாதிக்கப்பட்ட எவரும் அலுவலக நேரத்தில் பார்க்கலாம். வாரியத்தின் மாவட்ட அதிகாரியான மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரின் அலுவலகத்தில் கேட்டால் முதலில் விழிப்பார்கள். பிரிவு எண்ணோடு எழுதிக் கொடுங்கள். இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். யார்டு தனியாருடையது என்பதால் அவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள் வரை ஆகலாம். நாள் கடந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

மனுவில் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். கேள்வியாகக் கேட்டால் "தகவல் வரம்பில் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நடப்பு இசைவாணையின் நகல், கடைசி மூன்று ஆய்வு அறிக்கைகளின் நகல், கழிவுநீர் பகுப்பாய்வு அறிக்கைகளின் நகல் என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்தில் இருப்பது யார்டு இல்லை, அனல்மின் நிலையம் என்றால் வேலை கொஞ்சம் சுலபம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அனுமதிக் கடிதம் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும்.

3. மூன்று இடம், ஒரு நோட்டு

யார்டுக்கு மேலே ஒரு இடம், யார்டுத் தண்ணீர் ஓடையில் விழுகிற வாய் ஒன்று, அதற்குக் கீழே இரண்டு தண்ணீரும் நன்றாகக் கலந்த இடம் ஒன்று. இந்த மூன்றையும் முடிவு செய்து கல் நட்டோ, பனைமரத்தில் பெயிண்ட் அடித்தோ அடையாளம் வையுங்கள். மூன்றும் புறம்போக்கில் இருக்க வேண்டும். மதிலுக்குள் கால் வைக்காதீர்கள். அத்துமீறி நுழைந்ததாக உங்கள் மேலேயே புகார் வரும்.

மேலே உள்ள இடம்தான் மூன்றிலும் முக்கியம். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். மழை பெய்தால் தண்ணீர் தானாகவே கறுப்பாகத்தான் வரும். சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் தேரி மண், சிவப்பாக ஓடும். கடலோரத்தில் உப்பளம், தண்ணீரில் உப்பு இயல்பாகவே ஏறியிருக்கும். இதையெல்லாம் எதிர்த்தரப்பு சொல்லத்தான் செய்யும். மேல் இடத்துத் தண்ணீரும் கையில் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நோட்டில் தேதி, நேரம், மழை பெய்ததா, எவ்வளவு நேரத்துக்கு முன், தண்ணீரின் நிறம், வாசம், மேலே படலம் இருக்கிறதா என்று எழுதுங்கள். மழை இல்லாத நாளிலும் வாரம் ஒருமுறை எழுதுங்கள். மழை இல்லாத நாளில் யார்டு வாயிலிருந்து தண்ணீர் வந்தால், அது மழைத்தண்ணீர் இல்லை என்பதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம். போட்டோ எடுக்கும்போது இடமும் நேரமும் படத்திலேயே பதிகிற செயலியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் மூல விவரங்கள் போய்விடும். ஒரிஜினலை அழிக்காமல் வையுங்கள்.

இனி கருவிகள். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிடிஎஸ் பேனாவை நம்பி ஏமாறாதீர்கள். அது கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். கரித்தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கும் அல்லது படியும். மை போல ஓடுகிற தண்ணீரில் அந்தப் பேனா 300 என்று காட்டும், யார்டுக்காரர் சிரிப்பார். பிஹெச் பேனாவும் அப்படித்தான். கந்தகம் மிகுந்த கரியில் மழை பட்டால் தண்ணீர் அமிலமாகும் என்பது உண்மை. ஆனால் இந்தியக் கரியில் கந்தகம் பொதுவாகக் குறைவு. நம் பக்கம் வருகிற இந்தோனேசியக் கரியிலும் பெரும்பாலும் அப்படியே. பிஹெச் 7 என்று வந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

இவற்றைவிட வெள்ளை வேட்டித் துணி உபயோகமானது. ஒரே துணியில் கைக்குட்டை அளவு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சரியாக ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு துண்டு வழியாக வடிகட்டி, நிழலில் உலர்த்துங்கள். கரிசல் வண்டல் காய்ந்தால் மங்கிச் சாம்பலாகி, தேய்த்தால் மாவாக உதிரும். கரித்தூள் காய்ந்தபிறகும் கறுப்பாகவே இருக்கும், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுக்கும், நகத்தால் சுரண்டினால் நறநறவென்று இருக்கும். துண்டின் ஓரத்தில் தேதியும் இடமும் எழுதி நோட்டில் பின் அடித்து வையுங்கள். சட்டப்படி இதற்கு மதிப்பில்லை. ஆனால் குறைதீர் கூட்டத்தில் மூன்று துண்டையும் வரிசையாக மேசையில் விரித்துப் போட்டால், ரிப்போர்ட்டைப் புரட்டாத அதிகாரியும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்.

4. மாதிரி எடுப்பதும் ஆய்வகமும்

எப்போது எடுப்பது? பருவத்தின் முதல் கனமழையில், ஓடை ஓடத் தொடங்கிய முதல் மணி நேரத்தில். கோடை முழுக்கத் தரையில் படிந்த தூள் அப்போதுதான் அடித்துக்கொண்டு வரும். இரண்டு நாள் மழை பெய்தபிறகு எடுத்தால் கழுவிப்போன தண்ணீர்தான் கிடைக்கும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த நாளில் எடுத்த மாதிரி எதற்கும் ஆகாது. அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

ஆய்வகத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் கிணறு, போர், குழாய்த் தண்ணீருக்கு நல்லது, கட்டணமும் குறைவு. ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டியும், அதற்குப் பயிற்சி பெற்ற பெண்களும் இருப்பார்கள். ஜல் ஜீவன் என்ற குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு 5 பேர் என்று கணக்கு. ஓடைக்கும் யார்டு வாய்க்கும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகம் வேண்டும். அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்கிற ஒவ்வொரு சோதனையும் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இங்கேதான் காசு வீணாகும். "தண்ணி டெஸ்ட்" என்று கேட்டால் போர்த்தண்ணீர் பேக்கேஜைப் போட்டுவிடுவார்கள். அதில் உங்களுக்கு வேண்டியது எதுவும் இருக்காது. கரிக் குவியலுக்குக் கேட்க வேண்டியவை: மிதக்கும் திடப்பொருள் (கரையாமல் தண்ணீரில் கலந்து நிற்கும் தூள், Suspended Solids), அதில் எரிந்துபோகும் பங்கு, பிஹெச், மின்கடத்துத்திறன், சல்பேட், இரும்பு, மாங்கனீசு, எண்ணெய்ப்பசை. எரியும் பங்கைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வடிகட்டியதை 550 டிகிரியில் சுடுவார்கள். கரி எரிந்து எடை குறையும், களிமண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இலைதழையும் சாக்கடையும்கூட எரியும்தான், அதனால் மேல் இடத்தோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். ஆனாலும் கரிசலா கரியா என்ற சண்டைக்கு இதைவிட மலிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை பக்கத்தில் இருந்தால் போரான், ஆர்சனிக், செலினியம், பாதரசம் சேருங்கள். உலோகத்துக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு. எல்லா இடத்துக்கும் எல்லா உலோகமும் போட்டால் கட்டுப்படியாகாது. முதலில் யார்டு வாய்க்கு மட்டும் போட்டுப் பார்த்து, எது வருகிறதோ அதை மட்டும் மற்ற இடங்களுக்குப் போடுங்கள்.

கேன்களை ஆய்வகத்திடமே வாங்குங்கள். உலோகத்துக்குரிய கேனில் அமிலம் விட்டிருப்பார்கள். அதைக் கழுவக் கூடாது, நிரம்பி வழியவும் விடக் கூடாது. எண்ணெய்ப்பசைக்குக் கண்ணாடி பாட்டில், அதையும் அலசக் கூடாது. சாதாரணக் கேனை அதே ஓடைத் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கீழ் இடத்தில் தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து வந்தால் நீங்கள் கலக்கிய சேறுதான் கீழே கேனில் ஏறும். நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, அடியைக் கிளறாமல், ஓட்டத்தின் நடுவில் பிடியுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இழுத்தால் இறங்காதீர்கள், கரையிலிருந்து கம்பில் கட்டி எடுங்கள். கேன் மேல் இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயரை அழியாத மையில் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். கூடவே ஊரில் இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்தி நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பிருந்தால் வார்டு உறுப்பினர் ஒருவர்.

5. ரிப்போர்ட்டைப் படிப்பது

எந்த அளவுகோலோடு ஒப்பிடுவது என்பதில்தான் குழப்பம். யார்டு வாயிலிருந்து ஓடையில் விடும் கழிவுநீருக்குப் பொது விதிமுறைப்படி மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பிஹெச் 5.5 முதல் 9, எண்ணெய்ப்பசை 10 மில்லிகிராம். இது வாய்க்கு மட்டும்தான். ஓடைத் தண்ணீரை இந்த 100-ஓடு ஒப்பிட்டு எழுதினால் உங்கள் மனு அங்கேயே அடிபடும். மழைக்காலத்தில் எந்த ஓடையும் 100-ஐத் தாண்டும். ஓடைக்கு மேல் இடமும் கீழ் இடமும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் எழுத வேண்டும்.

குளத்துத் தண்ணீர் பாசனத்துக்கு என்றால் மத்திய வாரியத்தின் வகைப்பாட்டில் மின்கடத்துத்திறன் 2250-க்குள்ளும், போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். குடிக்கிற கிணறு என்றால் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம், லிட்டருக்கு மில்லிகிராமில்: சல்பேட் 200, வேறு வழியில்லாவிட்டால் 400 வரை. ஆர்சனிக் 0.01, பாதரசம் 0.001.

"கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அந்த ஆய்வகத்தின் கண்டறியும் அளவு என்ன என்று பாருங்கள். பாதரசத்துக்கு வரம்பு 0.001. ஆய்வகக் கருவி 0.005-க்குக் கீழே பார்க்காது என்றால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

6. மனு

முதன்மை மனு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. நகல் ஆட்சியர், வட்டாட்சியர், குளத்துக்குப் பொறுப்பான துறை. ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். சர்வே எண், இசைவாணை எண், மீறிய நிபந்தனை, நாள், இணைப்புகள். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: "அடுத்த மழையில் தண்ணீர் வெளியேறும்போது, 21ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்க வேண்டும்." யார்டை மூட வேண்டும் என்று முதல் மனுவிலேயே எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே மூட்டை தூக்குகிற நம் ஊர்ப் பையன்களே எதிரணிக்குப் போய்விடுவார்கள். கரி அங்கேயே இருக்கட்டும், தண்ணீர் வடிகட்டி வரட்டும் என்று கேட்டால் ஊர் ஒன்றாக நிற்கும்.

நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். தபால் என்றால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம் இதைவிட நல்லது. அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள், "அது அவர்கள் துறை" என்று கைகாட்ட முடியாது. முதல்வரின் உதவி எண் 1100-க்கு அழைத்தும் பதியலாம். ஆனால் அதில் "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று சொல்லி முடித்துவிடுவதும் நடக்கிறது. அதையே நம்பி உட்காராதீர்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இதைவிடத் தோதான தேதி இல்லை. தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறவரை எழுந்து போகாமல் இருந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. அதிகாரி வருகிற அன்று

யார்டு நிர்வாகத்துக்கு அதிகாரி அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டு பாகமாகப் பிரித்து, இருதரப்பும் கையெழுத்திட்டு சீல் வைக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள முறை. இதில் ஒன்று விட்டுப்போனாலும் ரிப்போர்ட் கோர்ட்டில் நிற்காது. அதிகாரிக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தள்ளி நின்று பாருங்கள், நடந்ததை நோட்டில் எழுதுங்கள். எங்கே எடுப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்வாசல் படிவுத் தொட்டியில் எடுத்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். பின்மதில் வாயைக் காட்டுங்கள்.

தண்ணீர் இல்லாத நாளில் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஓடைப் படுகையில் படிந்திருக்கிற கறுப்பு அடுக்கைத் தோண்டிக் காட்டி, ஆய்வுக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

8. அதற்கும் அசையாவிட்டால்

சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். நஷ்டஈடு கேட்டால் கேட்கிற தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1000. இங்கே சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி கிடையாது. உங்கள் ஆய்வக ரிப்போர்ட்டையும் நோட்டையும் எடுத்துப் பார்ப்பார்கள். கால வரம்புதான் ஆபத்து. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். நஷ்டஈட்டுக்கு 5 ஆண்டு. "ஆட்சியர் பார்க்கிறேன் என்றார்" என்று காத்திருந்தாலும் கடிகாரம் நிற்காது. ஐப்பசியில் பார்த்தது சித்திரைக்குள் தாக்கலாகிவிட வேண்டும். வக்கீல் செலவுக்கு வழியில்லாத பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

9. கோடையில், குளம் வற்றியபிறகு

வட்டாட்சியர் அனுமதியோடு குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளுவது நம் பக்கம் வழக்கம். யார்டுத் தண்ணீர் விழுகிற குளமாக இருந்தால், ஜேசிபி இறங்குவதற்கு முன்னால் ஓடை வாய்ப்பக்கம், குளத்தின் நடு, மடைப்பக்கம் என மூன்று இடத்து வண்டலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட் வருகிறவரை வாய்ப்பக்கத்து மண்ணை யாரும் வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஊரில் சொல்லி வையுங்கள். ஓடையைத் தூர்வாரினால் கறுப்பு மண்ணை எடுத்துக் கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மழையில் அது திரும்ப ஓடைக்குள்தான் வரும். ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, அந்தச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.